பூட்டிய கொடை: பறப்புச் சிமியுலேற்றரின் 'யதார்த்தம்' குறித்து ஒரு வாதம்

யதார்த்தம் என்ற சொல் இத்தகைய சஞ்சிகைகளின் வாசகருக்குப் புதியதன்று. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஈழத்து விமர்சகர்கள் அச்சொல்லை மையமாக வைத்து நடத்திய விவாதங்களை நாம் விரிவுரை மண்டபங்களில் இன்றும் படித்துவருகிறோம். ஒரு சிறுகதையில் வரும் தோட்டத் தொழிலாளி மெய்யான தொழிலாளியா, ஆசிரியரின் மனத்தில் மட்டும் வாழும் தொழிலாளியா என்று கேட்கப் பழகியவர்கள் நாம். ஆயினும் அதே சொல் வேறோரிடத்தில் விளம்பரப் பலகையாகத் தொங்கும்போது கேள்வி எதுவுமின்றி அதன் கீழே நடந்து போய்விடுகிறோம். அவ்வாறான ஓரிடமே பறப்புச் சிமியுலேற்றர். கணினித் திரையில் விமானம் ஓட்டும் அவ்வேற்பாட்டைச் சூழ்ந்து, ஊதியம் பெறாத கைகளின் பெரும் உற்பத்தியொன்று பல்லாண்டுகளாக வளர்ந்துள்ளது. ஆர்வலர்கள் பயணிகள் விமானங்களை உருவாக்கி இலவசமாக வழங்குகின்றனர். வேறு ஆர்வலர்கள் அவற்றைத் திருத்தி 'மேலும் யதார்த்தமாக' ஆக்குகின்றனர். வழங்குவோருள் ஒரு சாரார் திருத்துவோரை எதிரிகளாகக் கருதுகின்றனர். தங்கள் விமானத்தை ஓட்டலாம், ஆனால் திறந்து பார்க்கலாகாது, மாற்றலாகாது, மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாகாது என்று கட்டளையிடுகின்றனர். இக்கட்டளை தவறானது என்பதும், யதார்த்தம் என்ற சொல்லை உச்சரிக்கும் உரிமையையே அது இழக்கச் செய்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் விவகாரம், கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று முகஞ்சுளிப்போர் உளர். அவர்களுக்கு விடை சுருக்கமானது. 1929 இல் அமெரிக்காவின் பிங்ஹம்ரன் நகரில் எட்வின் லிங்க் என்பவர் தமது முதலாவது பறப்புப் பயிற்சிப் பொறியை அமைத்தார். அவருடைய குடும்பத் தொழில் இசைக்கருவி செய்தல். ஓர்கன் வாத்தியத்துக்குக் காற்றூட்டும் துருத்திகளையும் அடைப்பிதழ்களையுங் கொண்டே அவர் அப்பொறியை அசையச் செய்தார். நெடுநாள் அது பொழுதுபோக்குச் சாதனமாகவே பார்க்கப்பட்டது. 1934 இல் அமெரிக்க இராணுவ விமானப் பிரிவு தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பை ஏற்று, முகிலிலும் இருளிலும் விமானிகள் பலரை இழந்த பின்னரே ஆறு பொறிகளை வாங்கிற்று. வாத்தியத்தின் உறுப்பை விமானத்தின் உறுப்பாக மாற்றியமைத்த அம்மனிதரும் ஒரு திருத்துநரே. துருத்தி செய்தவன் 'இதனை இசைக்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தலாகாது' என்று எழுதி வைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை முகஞ்சுளிப்போர் சிந்திப்பாராக.

இனி விடயத்துக்கு வருவோம். சிமியுலேற்றருக்குரிய விமானம் ஒன்று மூன்று அடுக்குகளால் ஆனது. கண்ணுக்குத் தெரியும் உருவமும் வண்ணமும் முதலாவது. விமானியறையின் கருவிகளும் அவற்றை இயக்கும் நிரலும் இரண்டாவது. விமானம் எவ்வாறு பறக்கும் என்பதை நிர்ணயிக்கும் எண்கள் மூன்றாவது: எடை, ஈர்ப்பு மையம், சிறகின் பரப்பு, எஞ்சின் தரும் உந்துவிசை, இழுவை, சடத்துவத் திருப்பம் முதலியன. மைக்ரோசொப்ற் வெளியிட்ட சிமியுலேற்றர்களில் இவ்வெண்களிற் பெரும்பாலானவை சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் இருக்கும். எவரும் திறந்து வாசிக்கலாம். படங்களைப் பார்த்து மகிழ்வோர் முதலாவது அடுக்கோடு நின்றுவிடுகின்றனர். பொத்தான்களை அழுத்தி மகிழ்வோர் இரண்டாவதோடு நின்றுவிடுகின்றனர். மூன்றாவதில்தான் மெய்யும் பொய்யும் வாழ்கின்றன.

போயிங் 737-800 விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உச்சப் புறப்பாட்டு எடை 79,010 கிலோகிராம். சிறகு நுனியில் மேல்நோக்கிய வளைவு பொருத்தப்பட்டிருப்பின் சிறககலம் 35.8 மீற்றர், அது இல்லையேல் 34.3 மீற்றர். உருவத்தில் வளைவு தெரிய, கோப்பிலே 34.3 என்ற எண் இருக்குமாயின், நம் கண் ஒரு விமானத்தைக் காண்கிறது, கணினி வேறொரு விமானத்தைப் பறக்கவிடுகிறது. சடத்துவத் திருப்பத்துக்குரிய எண்களை மிகச் சிறியனவாக இட்டால், எழுபது தொன் எடையுள்ள விமானம் பட்டம்போல் ஆடும். இவையெல்லாம் எளிதிற் கண்டுபிடிக்கத்தக்க பிழைகள். இவற்றை விட நுட்பமான பிழை ஒன்று உண்டு. இங்கு சற்று நின்று அதனை விளக்குவது அவசியம். ஏனெனில் 'யதார்த்தம்' என்ற பெயரில் நடக்கும் ஏமாற்றின் முழுக்கதையும் அதனுள் அடங்கியுள்ளது.

பயணிகள் விமானமொன்று உயரத்திலிருந்து இறங்கும்போது எஞ்சின்கள் மிகக் குறைந்த சுழற்சியில் விடப்படுகின்றன. ஒவ்வோர் ஆயிரம் அடி இறக்கத்துக்கும் ஏறத்தாழ மூன்று கடல் மைல் தூரம் வேண்டும் என்பது விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் வாய்பாடு. 35,000 அடியிலிருந்து இறங்கத் தொடங்குபவர் நூறு கடல் மைலுக்கும் மேற்பட்ட தூரத்தைக் கணக்கிட்டே தொடங்குவார். இலவச விமானமொன்றில் இது பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். விமானம் இறங்க மறுக்கிறது, மிதந்துகொண்டே போகிறது. அதன் காரணம் பெரும்பாலும் குறைந்த சுழற்சியிலும் எஞ்சின் அளவுக்கு மிஞ்சித் தள்ளுவதே. ஆனால் எஞ்சினின் அட்டவணைகளைத் திருத்துவது கடினம். பழைய சிமியுலேற்றர்களில் அவை எழுத்துக் கோப்பில் இல்லாமல், வாசிக்க இயலாத இரும வடிவக் கோப்பொன்றில் உறைந்து கிடந்தன. எழுத்துக் கோப்பிலோ இழுவையைப் பெருக்கும் எண் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. திருத்துநர் அவ்வெண்ணை 1.0 இலிருந்து 1.3 ஆக உயர்த்துகிறார். விமானம் ஒழுங்காக இறங்குகிறது. பாராட்டுகள் குவிகின்றன.

ஆனால் ஒட்டுண்ணி இழுவை எனப்படும் அவ்விழுவை வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுவது. இறக்கத்தில் உதவிய அதே எண் உயரப் பறப்பில் எரிபொருளைக் குடிக்கத் தொடங்குகிறது. உடனே எரிபொருட் செலவைக் குறைக்கும் வேறோர் எண் திருத்தப்படுகிறது. கணக்கு ஓர் உயரத்தில், ஓர் எடையில் சரிவருகிறது, ஏனையவற்றில் பிசகுகிறது. மிகைப்பட்ட இழுவையால் விமானம் ஏறும் வீதம் தளர்கிறது. அதனை ஈடுசெய்ய எஞ்சினின் உந்துவிசை உயர்த்தப்படுகிறது. இப்பொழுது விமானம் ஓடுபாதையின் பாதியிலேயே எழும்பிவிடுகிறது. அது மாத்திரமன்று: மொத்த உந்துவிசையை உயர்த்தியதனால் குறைந்த சுழற்சியில் வரும் உந்துவிசையும் கூடவே உயர்ந்து, விமானம் மறுபடியும் இறங்க மறுக்கிறது! ஒரு பொய்யை மறைக்க மூன்று பொய்கள் கூறப்பட்டன. மூன்றாவது பொய் முதலாவதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இவ்விதம் திருத்தப்பட்ட விமானத்தைக் கையிலெடுக்கும் ஒருவர் இதனை எவ்வாறு அறிவார்? கோப்பைத் திறந்து எண்களை வாசித்தால் அறிவார். ஒவ்வோர் எண்ணும் ஏன் மாற்றப்பட்டது என்ற குறிப்பு இருந்தால் இன்னும் விரைவாக அறிவார். எளிய பரிசோதனைகளும் உள்ளன. ஏற்றுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு மாறுவதால், விமானத்தின் எடை பத்து வீதம் குறைந்தால் தரையிறங்கும் வேகம் ஏறத்தாழ ஐந்து வீதம் குறைய வேண்டும். எந்த எடையிலும் ஒரே வேகத்தில் அழகாக இறங்கும் விமானம் ஒளிப்படத்துக்கு உகந்தது. அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே யதார்த்தம் என்பது பரிசோதனைக்கு உட்படுத்தத்தக்க ஒரு கூற்று. பரிசோதிக்கும் வழியை அடைத்துவிட்டு 'இது யதார்த்தமானது' என்று ஒருவர் சொன்னால் அது விளம்பரம். பணம் பெற்று விற்பவன் விளம்பரம் செய்வதில் வியப்பில்லை. 50, 75 டொலர் என்று விலை குறிக்கப்பட்ட விமானங்களிற் சில மிகத் திறமாகச் செய்யப்பட்டவை என்பதையும் நாம் மறுக்கவில்லை. இலவசமாகக் கொடுப்பவனுக்கு இந்த விளம்பர மொழி எதற்கு என்பதே நமது கேள்வி.

பல இலவச விமானங்களோடு வரும் குறிப்புக் கோப்பை வாசித்தவர்கள் அதன் தொனியை அறிவர். முதற் பந்தியில் வரவேற்பு. இரண்டாம் பந்தியில் உழைப்பின் பெருமை. மூன்றாம் பந்தி முழுவதும் தடைகள். ஆங்கிலத்தில் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் அங்கு இது குறித்துப் பெருங் குழப்பம் நிலவுகிறது. தமிழிலே அக்குழப்பத்துக்கு இடமில்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்பது நமது மொழியில் பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். கொடுத்த பின்னும் கொடையின் கழுத்திற் கயிற்றைக் கட்டித் தன் கையில் வைத்திருப்பவனை வள்ளல் என்று நமது மரபு அழைத்ததில்லை.

தடை நீங்கிய இடங்களில் என்ன நிகழ்ந்தது என்பதை வரலாறு காட்டுகிறது. 2020 ஆகஸ்ற் மாதம் மைக்ரோசொப்ற் புதிய சிமியுலேற்றரை வெளியிட்டது. பிரான்சின் போர்டோ நகரைச் சேர்ந்த அசோபோ நிறுவனம் உருவாக்கிய அதில் எயார்பஸ் ஏ320 நியோ விமானம் ஒன்று உடன் வந்தது. தோற்றத்தில் அது பேரழகு; உள்ளே அரைகுறை. மெய்யான ஏ320 1988 இல் சேவைக்கு வந்தபோது, விமானியின் கட்டளையைக் கணினி வாயிலாக மின் சமிக்ஞையாக்கி அனுப்பும் முறையைப் பயணிகள் விமானத்துக்கு முதன்முதல் முழுமையாகக் கொணர்ந்தது. வழமையான நிலையில் விமானி கைப்பிடியை எவ்வளவு தள்ளினாலும் 67 பாகைக்கு மேல் விமானம் பக்கஞ் சாயாது. மூக்கு 30 பாகைக்கு மேல் உயராது, 15 பாகைக்குக் கீழ் தாழாது. இவ்விதிகளே ஏ320 இன் உயிர். அவ்வுயிரை ஊட்டியவர்கள் ஊதியமற்ற ஆர்வலர்கள். விமானத்தின் கருவிகள் இணையப் பக்கங்களை எழுதும் அதே மொழியில், வாசிக்கத்தக்க வடிவில் எழுதப்பட்டிருந்தமையால் அவர்களால் அவற்றைத் திறக்க முடிந்தது. பிளைபைவயர் என்ற பெயரில் அவர்கள் தொடங்கிய திருத்தம் சிறுசிறு ஒட்டுகளாக ஆரம்பித்தது. பின்னர் பறப்பு விதிகள், நீரியல், மின்னியல் அமைப்புகள், வழிநடத்தும் கணினி என ஒவ்வொன்றாக மீள எழுதப்பட்டன. மூலநிரல் முழுவதும் குனூ பொது உரிமத்தின் கீழ் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டது. எவரும் ஒரு வரியைச் சுட்டி 'இது பிழை' என்று சொல்லலாம். சொன்னவரே அதனைத் திருத்தியும் அனுப்பலாம். இக்காரணத்தாலேயே அவ்விமானம் வளர்ந்தது.

எக்ஸ்பிளேன் என்னும் சிமியுலேற்றரின் கதையும் இதனோடு ஒத்தது. லமினார் ரிசேர்ச் நிறுவனத்தின் அச்சிமியுலேற்றர் சிறகையும் உடலையும் சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் மீதும் காற்று செலுத்தும் விசையைக் கணக்கிடுவது. எனவே அங்கு உருவத்தின் அளவுகளே பறப்பின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. அதன் பதினோராம் பதிப்போடு வந்த 737-800 ஐ எடுத்துச் சீபோ என்ற பெயரால் அறியப்படும் திருத்தம் உருவாயிற்று. விலை கொடுத்து வாங்கும் விமானங்களோடு ஒப்பிட்டுப் பேசப்படும் நிலையை அது எய்தியது. நிறுவனம் தன் விமானத்தைப் பூட்டி வைக்காமை இதற்கு வழிசெய்தது. இங்கு நம் இலவசக்காரர்களை நோக்கி ஒரு கேள்வி: இலாபத்துக்காக இயங்கும் ஒரு நிறுவனம் தன் விமானத்தைப் பிறர் திருத்துவதைச் சகித்துக்கொள்ளுமாயின், இலாபமே வேண்டாமென்று கூறும் உங்களுக்கு அதனைச் சகிப்பதில் என்ன வலி?

வலி உண்டு என்று அவர்கள் கூறுவர். அதனைச் செவிமடுப்பது நியாயம். ஒரு விமானத்தின் உருவத்தை வடிக்க மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் செல்கின்றன. அதனை ஒருவன் எடுத்துப் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதிக்கொள்வான். மற்றொருவன் இறுவட்டில் அடைத்து விற்பான். இவ்வச்சம் கற்பனையன்று. பிளைற்கியர் என்னும் திறந்த மூலச் சிமியுலேற்றர் 1997 இலிருந்து கட்டற்ற உரிமத்தின் கீழ் வழங்கப்பட்டு வருகிறது. அதனை வேறு பெயர்களிற் சிலர் புதிய பண்டம்போல் விளம்பரப்படுத்தி விற்றனர். உரிமம் விற்பதைத் தடுக்கவில்லை. மக்களை மயக்கும் முறையிலே விற்பதுதான் அவமதிப்பு. பிளைற்கியர்க்காரர்கள் என்ன செய்தனர்? கதவை மூடவில்லை. இதுவே எமது சிமியுலேற்றர், எம்மிடம் இலவசமாகவே கிடைக்கிறது என்று பகிரங்கமாக அறிவித்தனர். விற்றவர்களின் பெயர்கள் இன்று எவர் நினைவிலுமில்லை, பிளைற்கியர் இருக்கிறது. பெயரைக் காக்க வேண்டுமென்பதும் மாற்றத்தைத் தடுக்க வேண்டுமென்பதும் ஒன்றல்ல. குனூ உரிமமே ஆக்கியோன் பெயரையும் மாற்றம் நிகழ்ந்தது என்ற குறிப்பையும் அழிக்காது வைத்திருக்கும்படி விதிக்கிறது. களவுக்கு அஞ்சி வாசிப்பையே தடைசெய்பவர், நூல் திருட்டுக்கு அஞ்சி நூலகத்துக்குப் பூட்டுப் போடுபவரை ஒத்தவர்.

இன்னொரு விளைவும் உண்டு; இதனைப் பற்றித் தடைவாதிகள் ஒருபோதும் பேசுவதில்லை. பழைய சிமியுலேற்றர்களுக்கெனச் செய்யப்பட்ட சிக்கலான கருவிகள் பல 32 பிற் இயந்திர மொழியாகத் தொகுக்கப்பட்டு, மூலநிரல் இன்றி வழங்கப்பட்டன. 2017 இல் பிரிப்பார்த்ரீடி என்ற சிமியுலேற்றர் தன் நான்காம் பதிப்பில் 64 பிற்றுக்கு மாறியது. அக்கருவிகள் அங்கே ஒரே நாளில் ஊமையாயின. ஆக்கியோனிடம் மூலநிரல் இருந்து, அவருக்கு ஓய்வும் மனமும் இருந்திருந்தால் அவை பிழைத்திருக்கும். அவர் தொழில் மாறியிருந்தால், இப்பொழுதுபோக்கைக் கைவிட்டிருந்தால், இறந்துபோயிருந்தால்? வேறெவரும் தொடலாகாது என்ற கட்டளை மட்டும் உயிரோடிருக்கிறது. பல மாத உழைப்பைக் காப்பதற்கென எழுதப்பட்ட வரி அவ்வுழைப்பையே புதைத்துவிட்டது.

திருத்துவோர் பக்கம் மட்டும் நின்று பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். மேலே கூறிய மூன்று பொய்களையும் சொன்னவர் திருத்துநரே. 'பறப்பு மேம்படுத்தப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு கோப்பை வெளியிடுபவர்கள், பூட்டுபவர்களுக்கு எவ்விதத்திலும் குறைந்தவர்களல்லர். தமிழ் கற்கும் நமக்கு இதில் ஓர் ஒப்புமை உடனே தோன்றும். யாழ்ப்பாணம் தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது அவர் கையிலிருந்தவை சிதைந்த ஏடுகள். ஏடு எழுதியோர் தமக்குச் சரியெனப்பட்டதைக் குறிப்பின்றித் திருத்திவிட்டுப் போன இடங்களிலெல்லாம் பதிப்பாசிரியருக்குத் துன்பமே மிஞ்சிற்று. எந்த ஏட்டில் எந்தப் பாடம் என்று காட்டும் ஒழுக்கம் பின்னர் நமது பதிப்புலகில் வேரூன்றியது. விமானத்தின் அமைப்புக் கோப்பும் ஒரு பாடமே. பழைய எண், புதிய எண், மாற்றிய காரணம், ஆதாரம் எங்கிருந்து கிடைத்தது என்பன இல்லாத திருத்தத்தைப் பாடபேதம் என்றுகூடச் சொல்லவியலாது. அது வெறும் எழுத்துப்பிழை. பல பேர் கை வைத்தால் கெட்டுவிடும் என்ற வாதத்துக்கும் இதுவே பதில். கெட்டதைக் கண்டுபிடிக்கும் வழி இவ்வொழுக்கத்தில் இருக்கிறது, பூட்டில் இல்லை.

இவ்விவகாரம் இன்று புதிய கட்டமொன்றை அடைந்துள்ளது. 2024 நவம்பரில் வெளியான மைக்ரோசொப்ற் சிமியுலேற்றரில், உடன் வரும் விமானங்களிற் பெரும்பாலானவை நமது கணினியில் முழுமையாக வந்து தங்குவதில்லை. தேவைப்படும் வேளையில் நிறுவனத்தின் வழங்கியிலிருந்து இணையவழியே பாய்ந்து வருகின்றன. சந்தை வழியே விற்கப்படும் விமானங்களின் கோப்புகளோ முன்னரே மறைகுறியாக்கப்பட்டிருந்தன. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏ320 ஐத் திறந்து பார்த்த ஆர்வலர்கள் நுழைந்த அவ்வாசல் இவ்விதம் குறுகிவருகிறது. இணைய வசதி குன்றிய இடங்களில் உள்ளோர் இதனை இருமடங்காக உணர்வர். வணிக நிறுவனத்தின் போக்கை மாற்றும் வலிமை பல்கலைக்கழக மாணவர் சிலருக்கு இல்லைதான். ஆனால் இலவச விமானம் செய்வோரின் போக்கு அவர்களது கையிலேயே உள்ளது. ஒருபுறம் நிறுவனம் கதவை ஒடுக்கும்போது, மறுபுறம் இவர்களும் தம் பங்குக்குத் தாழ்ப்பாள் இடுவார்களாயின், எண்களை வாசித்துக் கற்க விரும்பும் ஒருவன் எங்கே போவான்?

அவன் போகக்கூடிய இடம் ஒன்று இன்னும் இருக்கிறது. பிளைற்கியரில் இயங்கும் ஜேஎஸ்பிசிம் என்ற பறப்புக் கணிப்புப் பொறியின் விமானங்கள் முழுவதும் எழுத்துக் கோப்புகளாலானவை. இழுவை இன்ன, ஏற்றுவிசை இன்ன என்று அட்டவணைகள் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளன. அவ்வட்டவணைகளின் பக்கத்திலேயே விளக்கக் குறிப்பு எழுதவும் இடமுண்டு. அழகில் அவ்விமானங்கள் பலவும் பின்தங்கியவை. விமானியறையின் வண்ணம் கண்ணைக் கவராது. தடைவாதிகள் இதனைச் சுட்டிச் சிரிக்கலாம். சிரித்து முடித்த பின், தங்கள் விமானத்தின் இழுவைக்குரிய எண் எது, அது எங்கிருந்து பெறப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கு அவர்கள் எழுத்தில் விடை தரட்டும். விடை வந்தால் அடுத்த ஆண்டு இதே சஞ்சிகையில் அதனைப் பரிசீலிக்க நாம் ஆயத்தமாக உள்ளோம்.